உங்களுக்குத் தெரியுமா? சிறுநீரில் ஒரு லட்சம் கணக்கு

சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஒரு மில்லி லிட்டருக்கு 1,00,000’ என்ற கிருமி எண்ணிக்கையைப் பார்த்திருப்பீர்கள். 1950-களில் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் காஸ் நிலைநிறுத்திய எல்லை அது. தோலிலிருந்து தவறி விழுந்த கிருமியையும் சிறுநீர்ப் பாதையில் குடியேறிய கிருமியையும் பிரித்தறிய அவருக்கு ஓர் அளவு தேவைப்பட்டது.

ஆனால் அது கல்வெட்டு அல்ல. எரிச்சலோடு வரும் பெண்ணுக்கு வெறும் 100 இருந்தாலும் தொற்றாகலாம் என்று 1982-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவருக்கோ, லட்சத்தைத் தாண்டினாலும் பொதுவாக மாத்திரை வேண்டாம். (ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்கும் பழக்கம் நம்மிடம் அதிகம்!) கர்ப்பிணிகள் விஷயம் வேறு, அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை தேவை, விட்டால் சிறுநீரகம் வரை ஏறக்கூடும்.

சாம்பிள் எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். வசதியான சூழலில் ஈ.கோலை என்ற கிருமி சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால் லேபுக்குப் போகத் தாமதமானால் டப்பாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரை சாம்பிள் கொடுத்த பிறகே.

குளிர்நடுக்கக் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி சேர்ந்து வந்தால் சிறுநீரகத் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். கல்ச்சர் முடிவுக்கு இரண்டு நாள் ஆகும். அதற்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அன்றே போங்கள்.