கருனி நினைவகக் கணக்கீடு

கருனி நினைவகக் கணக்கீடு என்பது இயங்குதளத்தின் கருனி எடுத்துக்கொள்ளும் நினைவகத்தை, அதற்குக் காரணமான செயல்முறைக் குழுவின் கணக்கில் சேர்ப்பது ஆகும். லினக்சில் இதனை சிகுரூப் எனப்படும் கட்டுப்பாட்டுக் குழுக்களின் நினைவகக் கட்டுப்படுத்தி செய்கிறது.

தேவை

ஒரே கணினியில் பல கொள்கலன்கள் இயங்கும்போது ஒவ்வொன்றுக்கும் நினைவக வரம்பு விதிக்கப்படுகிறது. பயனர் நிரலின் நினைவகத்தை மட்டும் கணக்கிட்டால் இவ்வரம்பு போதாது. ஒரு நிரல் ஓயாமல் புதிய செயல்முறைகளையோ கோப்புறைகளையோ உருவாக்கினால், அவற்றுக்கான பதிவுகள் கருனியின் நினைவகத்தில் குவியும். இந்நினைவகத்தை வட்டுக்கு மாற்றி வைக்க இயலாது. எனவே ஒரு கொள்கலனே கணினி முழுவதையும் முடக்கிவிடக்கூடும்.

எவற்றைக் கணக்கிடுவது

2013 இல் வெளிவந்த லினக்சு 3.8 பதிப்பில் இவ்வசதி சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில், விலக்கு அளிக்கப்பட்டவை தவிர மற்ற ஒதுக்கீடுகள் கணக்கிடப்பட்டன. இதனால் பல குழுக்களுக்கும் பொதுவான தரவு, அதனை முதலில் கேட்ட குழுவின் கணக்கில் ஏறியது. அக்குழு நீக்கப்பட்ட பின்னரும், அத்தரவு இருக்கும்வரை குழுவின் பதிவு நினைவகத்தில் தங்கியது.

2016 இல் வெளிவந்த 4.5 பதிப்பு இதனைத் தலைகீழாக மாற்றியது. கணக்கிட வேண்டும் எனக் குறியிடப்பட்ட ஒதுக்கீடுகள் மட்டுமே இப்போது கணக்கில் சேரும். பயனர் நிரலால் எளிதில் பெருக்கக்கூடிய செயல்முறை விவரங்கள், கருனி அடுக்கு, திறந்த கோப்புகளின் அட்டவணை, ஐநோடு போன்றவை குறியிடப்பட்டுள்ளன. கருனி முழுமைக்கும் பொதுவானவை விடப்படுகின்றன. பெருகக்கூடிய ஒன்றைக் குறியிடத் தவறினால் அதன் வழியே வரம்பை மீற முடியும் என்பது இம்முறையின் குறைபாடு ஆகும்.