மடிக்கணினியும் வாட் கணக்கும்

மடிக்கணினி வாங்க முனைவோர் விளம்பரத்தில் முதலில் தேடுவது, ஒருமுறை சார்ஜ் செய்தால் அது எத்தனை மணி நேரம் ஓடும் என்ற எண்ணைத்தான். ஆனால் 15 மணி, 20 மணி என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் அந்த எண், பெரும்பாலும் திரையின் வெளிச்சத்தை மட்டுப்படுத்திக் காணொளியை ஓடவிட்டு அளந்து பெறப்பட்டது என்பதால், பத்துப் பதினைந்து இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இடையிடையே காணொளிக் கூட்டங்களிலும் கலந்துகொள்ளும் ஒருவருக்கு அது அப்படியே பொருந்துவதில்லை. அதைவிட நம்பத்தக்கது, விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் வாட்-மணி என்ற அளவு.

பேட்டரி எவ்வளவு ஆற்றலைத் தேக்கி வைக்கும் என்பதை வாட்-மணி குறிக்கிறது. 50 வாட்-மணி பேட்டரியிலிருந்து கணினி 10 வாட் வீதம் எடுத்தால் அது 5 மணி நேரம் தாங்கும். 25 வாட் வீதம் எடுத்தால் 2 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியின் மேல் 11.4 வோல்ட், 4,400 மில்லி ஆம்பியர்-மணி என்று மட்டும் குறித்திருந்தால், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 50 வாட்-மணி என்ற விடை கிடைக்கும். வோல்ட் அளவு கணினிக்குக் கணினி மாறுவதால், மில்லி ஆம்பியர்-மணி எண்ணை மட்டும் வைத்து இரண்டு பேட்டரிகளை ஒப்பிடுவது, காசு எது, ரூபாய் எது என்று பாராமல் நாணயங்களை எண்ணுவதற்குச் சமம்.

இந்த ஆற்றலைத் தின்பவற்றுள் முதன்மையானவை திரையும், கணக்கீடுகளைச் செய்யும் ப்ராசசரும். ப்ராசசரின் வேகத்தைக் கூட்ட அதற்குத் தரும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்செலவோ வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறுகிறது. ஆகவே வேகமும் மின்னழுத்தமும் தலா 20 விழுக்காடு உயர்ந்தால், செலவு 70 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்துவிடும். கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் விலை மிக அதிகம் என்பது இதன் பொருள். இன்டெல் ப்ராசசர்களின் பெயர் இறுதியில் வரும் எழுத்து இதை ஓரளவு காட்டிக்கொடுக்கும்: 'யு' வகை பொதுவாக 15 வாட்டையும், 'ஹெச்' வகை அதைவிட அதிக வாட்டையும் அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்படுபவை, சிறிது நேரத்துக்கு இரண்டுமே அந்த வரம்பைத் தாண்டிச் செலவழிக்கும்.

செலவான மின்சாரம் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் செப்புக் குழாய்களும் வேண்டும். அவற்றுக்கு இடமும் எடையும் வேண்டும். மெல்லிய உடலுக்குள் வேகமான ப்ராசசரை அடைத்தால், சூடு எல்லை மீறும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு 'தெர்மல் த்ராட்லிங்' என்று பெயர். 2020 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட எம்1 மேக்புக் ஏர், 1.29 கிலோ எடையும் 49.9 வாட்-மணி பேட்டரியும் கொண்டு, விசிறியே இல்லாமல் வந்தது. இணைய உலாவலுக்கு 15 மணி என்று அந்நிறுவனம் சொன்ன கணக்கை வகுத்துப் பார்த்தால், சராசரிச் செலவு 3.3 வாட்தான். பேட்டரி பெரியதாக இல்லை, செலவுதான் சிறியது. அதே கணினியில் நெடுநேரம் காணொளித் தொகுப்பு செய்தால், விசிறி இல்லாத குறை வேகத்தில் தெரியும்.

பேட்டரியை வேண்டிய மட்டும் பெரிதாக்கிவிடவும் முடியாது. 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் கொண்டுசெல்ல விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்ற விதி இருப்பதால், மிகப் பெரிய மடிக்கணினிகளும் 99 வாட்-மணியை ஒட்டியே நின்றுவிடுகின்றன.

விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகளை இந்தக் கண்கொண்டு பார்ப்பது நல்லது. சாதாரணக் கணினியின் அடாப்டரில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர், அதாவது 65 வாட் என்று இருக்கும். இவற்றின் அடாப்டரிலோ 20 வோல்ட், 11.5 ஆம்பியர், அதாவது 230 வாட் என்று இருப்பதுண்டு. அந்த அளவு மின்சாரத்தை 90 வாட்-மணி பேட்டரி கொடுத்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது என்பதால், சார்ஜரைப் பிடுங்கியதும் கணினி தன் வேகத்தைப் பெரிதும் குறைத்துக்கொள்கிறது. பணம் கொடுத்து வாங்கிய வேகம் சுவர் பிளக்கோடு கட்டுண்டது என்றே சொல்ல வேண்டும். செங்கல் போன்ற அந்த அடாப்டரும் பையில் ஏறுவதால், எடை பார்க்கும்போது இரண்டையும் சேர்த்தே தூக்கிப் பார்க்க வேண்டும். நாள்தோறும் பேருந்தில் செல்லும் மாணவருக்கு 'யு' வகைக் கணினியும் 50 முதல் 60 வாட்-மணியும் போதும். வீட்டு மேசையை விட்டு நகராதவர் அதே பணத்தில் மேசைக்கணினி வாங்கினால் வேகம் கூடுதலாகவே கிடைக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். லித்தியம்-அயான் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கிய பின், தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடக்கூடும்; அப்போது 50 வாட்-மணி 40 ஆகச் சுருங்கி, 5 மணி நேரம் ஓடியது 4 மணியில் நின்றுவிடும். முழு சார்ஜிலும் சூட்டிலும் தொடர்ந்து வைத்திருந்தால் இந்தத் தேய்மானம் விரைவுபடுவதால்தான், எப்போதும் பிளக்கில் மாட்டியே வைத்திருப்போருக்காக, சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதியைப் பல நிறுவனங்கள் அமைப்புப் பகுதியில் வைத்திருக்கின்றன.