ஓடுகிற காலுக்கு எந்த நூல்?

வீட்டில் பழைய கெக்காபுத் தலையணை இருந்தால், பாட்டியிடம் கேட்டுவிட்டு அதிலிருந்து ஒரு சிட்டிகை இலவம்பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துப் பெட்டியில் காயம் துடைக்க வைத்திருக்கும் பருத்திப் பஞ்சிலும் அதே அளவு எடுங்கள். இரண்டையும் ஒரு கிண்ணம் தண்ணீரில் போடுங்கள். பருத்தி உடனே நனைந்து, கனத்து, கீழே போகும். கெக்காபு மிதக்கும். விரலால் அமுக்கினாலும் மேலே வந்துவிடும்.

இரண்டும் தாவரத்தில் விளைந்த பஞ்சுதான். ஆனால் கெக்காபு இழையின் மேல் மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் இருக்கிறது. உள்ளே காற்று நிறைந்த குழல். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதை அடைத்தார்கள். பருத்தி இழைக்கோ தண்ணீர் என்றால் உயிர். அதன் மூலக்கூறுகள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துண்டுக்கு அது நல்ல குணம். ஓடுகிற காலின் காலுறைக்கு நல்ல குணமா என்பதுதான் கேள்வி.

நம் பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங்கில் குறுக்கோட்டப் போட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெர்னாம் ஆறு ஒரு பக்கம், கடல் அதிக தூரமில்லை, சுற்றிலும் செம்பனையும் தென்னையும். காலை எட்டு மணிக்கே காற்று ஈரமாக இருக்கும். உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. அதைச் சப்பாத்துக்குள் அடைத்து ஓடினால், வியர்வை போக வழியில்லாமல் காலுறையில் தங்கிவிடும்.

அங்கேதான் கொப்புளம் பிறக்கிறது. சூட்டினால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் இழுபறி. ஒவ்வோர் அடியிலும் காலின் எலும்பு முன்னே நகர்கிறது. ஈரத் தோலோ காலுறையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. காய்ந்த தோலைவிட ஈரத் தோல் துணியில் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். இடையில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டு, மேல்தோலின் நடு அடுக்கில் கிழிகின்றன. அந்தக் கிழிசலில் நீர் கோத்துக்கொள்கிறது. மேலே தோல் அப்படியே இருக்க, உள்ளே கிழிந்திருக்கும்.

வெறுங்காலோடு ஓடினால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா 1960-இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். ஆனால் பிக்கிலாவின் பாதம் பல ஆண்டு ஓடி ஓடிக் கெட்டிப்பட்டது. நான்கு ஆண்டு கழித்துத் தோக்கியோவில் சப்பாத்தும் வெள்ளைக் காலுறையும் போட்டு மறுபடி வென்றார். நம் தார்ச்சாலையிலும் தோட்டத்து மண்சாலையிலும் உங்களுக்குச் சப்பாத்து வேண்டும். சப்பாத்து வந்தால் காலுறையும் வேண்டும்.

இப்போது நூலுக்கு வருவோம். மிதமான ஈரமுள்ள காற்றில் சும்மா வைத்தாலே, 100 கிராம் காய்ந்த பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நைலான் 4 கிராம் அளவில் நின்றுவிடும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. வியர்வையில் நனைந்த பருத்தி இழை உப்பும், கனக்கும், வடிவம் தளர்ந்து மடிப்பு விழும். அந்த மடிப்பு குதிகாலில் உட்கார்ந்தால் போதும், கொப்புளம்தான்.

அமெரிக்காவில் ஹெர்ரிங், ரிச்சி என்ற இரண்டு பாத மருத்துவர்கள் 1990-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பருத்திக் காலுறையும், அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் செய்த காலுறையும் கொடுத்தார்கள். எது எந்த நூல் என்று ஓடுபவர்களுக்குச் சொல்லவில்லை. அக்ரிலிக் போட்ட கால்களில் கொப்புளம் குறைவாகவும் சிறிதாகவும் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் அடுத்துச் செய்ததுதான். 1993-இல் சாதாரணப் பின்னலில் செய்த காலுறைகளை வைத்து மறுபடி பார்த்தார்கள். இந்த முறை அக்ரிலிக்குக்கு அந்த வெற்றி கிடைக்கவில்லை. ஆகவே நூல் மட்டும் போதாது. எப்படிப் பின்னியிருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. முதல் முடிவோடு நிறுத்தாமல் மறுபடி சோதித்தார்களே, அறிவியலில் நான் மதிப்பது அதைத்தான்.

பாலியெஸ்டர் தண்ணீர் குடிக்காது என்றால் வியர்வை எங்கே போகும்? இழைக்குள் போகாது, இழைகளுக்கு இடையில் போகும். மிகக் குறுகிய சந்துகளில் நீர் தானாகவே ஏறும். இதை நுண்புழையேற்றம் என்பார்கள். விளையாட்டுத் துணிக்கென்று பள்ளம் விழுந்த இழைகளை உருவாக்குகிறார்கள். பள்ளங்களின் வழியே ஈரம் ஓடி வெளிப்பக்கம் பரவும். பழைய பந்து ஜெர்சியில் ஒரு கீற்று, பழைய பருத்தி பனியனில் ஒரு கீற்று வெட்டி, நுனியை மட்டும் சாயத் தண்ணீரில் தொங்கவிட்டு எது எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டையும் முழுக்க நனைத்துப் பிழிந்து, நிழலில் காயவிட்டு, எது முதலில் காய்கிறது என்று நேரம் குறியுங்கள். ஏறுவதும் காய்வதும் ஒன்றல்ல என்பது உங்களுக்கே தெரியவரும்.

இங்கே நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. வியர்வை வெளிப்பக்கம் வந்தால் மட்டும் போதாது, ஆவியாக வேண்டும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் அது மெதுவாகத்தான் நடக்கும். தடித்த காலுறை போட்டால் ஈரம் அடுக்கடுக்காகத் தேங்கும். அதனால் குளிர்நாட்டு ஓட்டக்காரர்கள் சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நமக்கு மெல்லிய காலுறை, மேற்பக்கம் வலைப்பின்னல், குதிகாலும் விரல் நுனியும் மட்டும் சற்று அடர்த்தி. நூல் பாலியெஸ்டர் அல்லது நைலான் கலப்பு. நைலான் தேய்மானம் தாங்கும், சீக்கிரம் ஓட்டை விழாது. மெரினோ ஆட்டு ரோமத்தில் மெல்லிய காலுறை உண்டு. ஈரத்தை உள்ளே வாங்கியும் நனைந்ததுபோல் தெரியாது. விலைதான் அதிகம். பள்ளிப் பிள்ளைக்கு அது கட்டாயமில்லை.

பாலியெஸ்டரில் ஒரு குறை, நாற்றம். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வியர்த்த சட்டைகளைச் சோதித்து, பருத்தியைவிடப் பாலியெஸ்டரே மோசமாக நாறுகிறது என்று கண்டார்கள். ஓடி முடித்ததும் கழற்றித் துவையுங்கள், பையில் சுருட்டி வைக்காதீர்கள்.

காலுறை நழுவாமல் பிடிப்பது மேல் விளிம்பு. பால்மர ரப்பரிலிருந்து செய்த நூலை அதில் கோப்பதுண்டு. பேராக்கில் 1877-இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. உங்கள் கொள்ளுத் தாத்தாக்கள் விடியுமுன் பால் வெட்டப் போன மரங்கள் அந்த வம்சத்தவைதாம். 1958-இல் ஸ்பாண்டெக்ஸ் என்ற செயற்கை மீள்நூல் வந்தது. இன்று பெரும்பாலும் அதுதான். எலாஸ்தேன், லைக்ரா என்று எழுதியிருந்தாலும் அதே பொருள். ரப்பருக்கு வெயிலும் எண்ணெயும் ஆகாது, நாளடைவில் வெடித்துத் தளரும். ஸ்பாண்டெக்ஸுக்குக் கொதிநீரும் குளோரினும் ஆகாது.

இரவுச் சந்தையில் காலுறை வாங்கும்போது உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். விரல் நுனித் தையல் கட்டியாக இருந்தால் வேண்டாம். குதிகால் பை உங்கள் குதிகாலில் சரியாக உட்கார வேண்டும். பெரிய அளவு வாங்கினால் மடிப்புத்தான் மிஞ்சும். உறையில் முதலில் எழுதியிருக்கும் நூல் எது என்று படியுங்கள். வழக்கமாக அதிகம் உள்ளதைத்தான் முதலில் போடுவார்கள். அங்கே பருத்தி இருந்தால் அது வகுப்பறைக்கு. புதுக் காலுறையைப் போட்டி நாளன்று முதன்முதலாகப் போடாதீர்கள். ஒரு வாரம் முன்பே பயிற்சியில் போட்டு ஓடி, எங்கே சிவக்கிறது என்று பாருங்கள்.