எழுதுவதற்கு முன் லயத்தில் கேளுங்கள்

மலையகத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி இணையத்தளங்களில் நிறைய எழுதப்படுகிறது. அவர்கள் வாசித்துப் பயன்பெறும்படி எழுதப்படுவது குறைவு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்க ஒரு வழிதான் உண்டு: எழுத உட்காரும் முன்னர் அவர்களிடம் கேட்பது.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி வெளியானபோது செய்திகள் அந்த எண்ணையே சுற்றி வந்தன. லயங்களில் எழுந்த கேள்விகள் வேறு. ஒரு பேர் விழ எத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும்? குறைந்தால் அரைப்பேரா? மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும்? எடுக்க வேண்டிய கிலோ அளவு கூட்டப்பட்டதாகப் பல தோட்டங்களில் முறைப்பாடு எழுந்தது. சம்பளம் எவ்வளவு என்று எழுதியவர்கள், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற கேள்வியைத் தவறவிட்டார்கள்.

இந்தப் பாடம் நூறு ஆண்டுகள் பழையது. தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் வழக்கு என்றிருந்த காலத்தில், புடவை வியாபாரியைப் போல உள்ளே சென்று மக்களின் நிலையை நேரில் அறிந்தார். 1921இல் ‘தேசநேசன்’ பத்திரிகை, 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் என்பன அதற்குப் பிறகு வந்தவை. படிக்கத் தெரியாதவர்களே அதிகமாக இருந்த அந்த மக்களிடம் அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டாகவே செய்தியைக் கொண்டுபோனார். என்ன சொல்வது என்பதை மட்டுமல்ல, எந்த வடிவில் சொல்வது என்பதையும் கேட்பவரே தீர்மானித்தார். அன்று வேடம் போட வேண்டியிருந்தது. இன்று அது கூடாது. யார் நீங்கள், எதற்காகக் கேட்கிறீர்கள், சொன்னது எங்கே வெளிவரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

யாரிடம், எங்கே, எப்போது

தோட்டத் தலைவர் காட்டும் ஆட்களை மட்டும் சந்தித்தால் தலைவரின் கருத்தே பல வாய்களில் வரும். கொழுந்து எடுக்கும் பெண், ஓய்வு பெற்றவர், கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்த இளைஞர், பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்ப்பவர் என வெவ்வேறு ஆட்களைத் தேடுங்கள். முதல் சுற்றுக்கு ஆறேழு பேர் போதும். ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் அது முக்கியமானது என்று தெரியும்.

கணக்கப்பிள்ளை நிற்கும் இடத்தில் கேட்காதீர்கள். லயத்திலும் கவனம் தேவை. ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். காலையில் பிரட்டு, மாலையில் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள். “எந்த நேரம் வந்தா ஒங்களுக்குச் சரிக்கா?” என்று அவரிடமே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது

“இப்படி ஒரு இணையத்தளம் வந்தால் பார்ப்பீர்களா?” என்று கேட்டால், வீடு தேடி வந்தவர் மனம் நோகக் கூடாதென்று “பார்ப்போம்” என்பார்கள். அந்தப் பதிலால் பயனில்லை. நடந்ததைக் கேளுங்கள்: “போன தடவ ஈ.பி.எப். காசு எடுக்கப் போனீங்களே, என்ன நடந்திச்சு? யாருகிட்ட மொதல்ல கேட்டீங்க? எந்த எடத்துல திருப்பி அனுப்புனாங்க?”

தொழிலாளி 8 வீதம், தோட்ட நிர்வாகம் 12 வீதம் செலுத்த வேண்டும் என்பது சட்டம். அதை எழுதுவது எளிது. ஆனால் அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொரு பெயர் என்பதால் சொந்தப் பணத்துக்காக அலைபவருக்கு, பெயரைத் திருத்த எந்த அலுவலகத்துக்கு எந்தப் பத்திரத்தோடு போவது என்பதே தேவை. எழுத வேண்டிய கட்டுரை அதுதான்.

அவர்களின் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகச் சொல்லில் தலைப்பிட்டால், தங்கள் சொல்லில் தேடுபவருக்கு அது அகப்படாது. வீட்டில் கைத்தொலைபேசி யாரிடம் இருக்கிறது, அதில் எழுத்தை வாசிப்பார்களா, குரல் பதிவைக் கேட்பார்களா என்பதையும் அறியுங்கள். ஒருவேளை உங்கள் கட்டுரை இரண்டு நிமிட வட்ஸ்அப் குரல் பதிவாக மாற வேண்டியிருக்கலாம்.

கேட்டதற்குக் கடன்

வன்னியில் வாழ்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, அங்கே போரையும் கண்ட குடும்பங்கள் பல. 2009க்குப் பிறகு எத்தனை படிவங்கள், எத்தனை கேள்விகள்! எழுதிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? கேட்டுவிட்டுக் காணாமல் போவதும் ஒரு சுரண்டல்தான்.

ஆகவே சில கட்டுப்பாடுகள் அவசியம். அனுமதியில்லாமல் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. பெயரை மறைத்தாலும் தோட்டம், டிவிஷன், வயது மூன்றையும் சேர்த்து எழுதினால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். வேலைக்கே பாதிப்பு வரலாம். உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையைப் பேச்சில் ஊட்டக் கூடாது. சொல்ல விரும்பாததைத் தோண்டக் கூடாது.

எழுதி முடித்ததும் வெளியிடும் முன்னர், பேசியவர்களில் ஒருவருக்காவது அதை வாசித்துக் காட்டுங்கள். “இதப் படிச்சா நாளைக்கு எங்க போவீங்க, என்னத்த எடுத்துக்கிட்டுப் போவீங்க?” என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் வெளியிடலாம். முடியாவிட்டால் திருத்த வேண்டியது உங்கள் எழுத்தை.