கஞ்சா விற்பனையும் உள்ளாட்சி அதிகாரமும்

இந்தியாவில் கஞ்சா விற்பனையை 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியாவில் கஞ்சாக் கடை வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நகரமே முடிவு செய்யலாம். நம் ஊராட்சிகளுக்கு அந்த அதிகாரம் இல்லை. இளையாத்தங்குடியில் ஒருவர் கடைக்கு உரிமம் பெற்றிருந்தாலும் அது கஞ்சாவுக்குச் செல்லாது.

செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளையே சட்டம் கஞ்சா என்கிறது. பிரித்தெடுத்த பிசின் சரஸ். நுனியோடு சேராத இலையும் விதையும் இவ்வரையறைக்குள் வரா. வடமாநிலங்கள் சிலவற்றில் பாங்கு அரசு உரிமத்துடன் விற்கப்படுவது இதனால்தான். விதை, விதையெண்ணெய், விதைமாவு ஆகியவற்றை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021இல் உணவாக ஏற்றது. ஆனால் போதை தரும் டி.எச்.சி. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமையும் எண்ணெயில் 10 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது.

‘சின்னப் பொட்டலம்தானே’ என்று மாணவர் சிலர் நினைக்கின்றனர். ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’ என்றாலும், அதற்கும் ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. பசுந்தாள் உரத்துக்காக வயலில் விதைக்கும் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்குக்கு நார் தரும் சணலும் வேறு. இரண்டும் இச்சட்டத்தில் அடங்கா.