முன்விளக்கும் எதிரே வருபவர் கண்ணும்

சிங்கப்பூரில் ஓடும் நான்கு சக்கர இயக்க வாகனங்களுக்கு ஒரு விசித்திரமான விதி. காட்டுப் பாதைக்கென்றே பிறந்த ஜிம்னியும் டிஃபெண்டரும் ரேங்லரும் இத்தீவுக்குள் சேற்றைப் பார்ப்பதே அரிது. பாலத்தைக் கடந்து ஜொகூருக்குள் போனால்தான் அவற்றுக்குச் செம்மண் தடமும் செம்பனைத் தோட்டமும் கிடைக்கும். அப்படிப் போகிறவர்கள் முதலில் டயரை மாற்றுகிறார்கள். அடுத்து அவர்கள் கண் போவது முன்விளக்கின் மேல். மஞ்சளாக எரியும் ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளைவெளேர் என்ற எல்.இ.டி. பல்பைச் செருகினால் இரவு பகலாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறியியல் மாணவியான எனக்கு இதில் அக்கறை வந்தது பாடத்தால் அல்ல, மாமாவால். கூலாய் பக்கம் அவருக்குச் சிறிய செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அதில் உரம் ஏற்ற ஒரு பழைய டிஃபெண்டர். "ஏம்மா, ஞாயித்துக்கெழம சிராங்கூன் ரோட்டுப் பக்கம்தானே சுத்துறே? எச்-ஃபோர் எல்.இ.டி. பல்பு ரெண்டு வாங்கிட்டு வா. இங்க விலை கூட சொல்றான்" என்றார். சிராங்கூன் சாலையில் நான் சுற்றுவது தோசைக்காகத்தான். ஆனாலும் அங்கிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் வன்பொருள் கடைகளும் உதிரிபாகக் கடைகளும் உண்டு. சிம் லிம் டவரில் மின்னணுச் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. வழியில் லெம்பு சாலை என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தேன். தேசியப் பள்ளியில் மலாய் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும்: லெம்பு என்றால் மாடு. மாட்டுத் தொழில் நடந்த வட்டாரத்தில் இன்று ஜீப் சாமான் தேடி அலைகிறோம்.

ஒரு கடையில் காட்டிய பெட்டியில் 20,000 லுமென் என்றும், அதன் கீழேயே 25 வாட் என்றும் அச்சிட்டிருந்தது. லுமென் என்பது ஒரு விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. இது போன்ற முன்விளக்குப் பல்பில் நல்ல எல்.இ.டி.கூட ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 150 லுமென் தந்தால் பெரிய விஷயம். அப்படியானால் 25 வாட்டுக்கு 3,750. மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு விலையைக் குறைத்தார்.

சரி, 3,750 லுமென் என்றே வைத்துக்கொள்வோம். சாதாரண எச்-ஃபோர் ஹாலோஜன் பல்பு லோ பீமில் சுமார் 1,000 லுமென்தான் தருகிறது. மூன்று மடங்குக்கு மேல் ஒளி கிடைத்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது. முன்விளக்கு என்பது பல்பு மட்டுமன்று. பல்பு, அதன் பின்னால் உள்ள பளபளப்பான கிண்ணம், முன்னால் உள்ள கண்ணாடி ஆகிய மூன்றும் ஒன்றுக்காக ஒன்று அளந்து செய்யப்பட்டவை.

எச்-ஃபோர் பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். 60 வாட் இழை ஹை பீமுக்கு, 55 வாட் இழை லோ பீமுக்கு. லோ பீம் இழைக்கு அடியில் மட்டும் சின்னக் கரண்டி போல ஓர் உலோகத் தகடு இருக்கும். அந்தக் கரண்டிதான் முழு ரகசியமும். அது இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறித்துவிடுகிறது. ஆகவே கிண்ணத்தின் மேல் பாதியில் மட்டுமே ஒளி பட்டு, சாலையை நோக்கித் தாழ்ந்து திரும்புகிறது. கீழ்ப் பாதியில் பட்டிருந்தால் அது மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவர் முகத்தில் அடித்திருக்கும். லோ பீமைச் சுவரில் அடித்துப் பார்த்தால் ஒரு கோட்டுக்கு மேல் இருட்டும் கீழ் வெளிச்சமுமாகத் தெரிவது இதனால்தான். இடப்பக்கம் ஓட்டும் நம் நாடுகளில் அந்தக் கோடு இடக்கோடியில் சற்று உயரும். சாலையோரம் நடப்பவரும் பெயர்ப் பலகையும் தெரியட்டும் என்பதற்காக.

இதெல்லாம் நடப்பதற்கு இழை இருக்க வேண்டிய இடத்தில் இம்மியும் பிசகக் கூடாது. எல்.இ.டி. பல்பில் இழையே இல்லை. தட்டையான ஒரு பட்டையின் இரு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். சில்லின் அகலமும் அது ஒளியைப் பரப்பும் திசையும் இழையைப் போன்றவை அல்ல. மலிவான பல்புகளில் சில்லு இருக்கும் இடமே தவறிவிடுகிறது. விளைவு, அந்தக் கோடு கலைந்துவிடுகிறது. ஓட்டுநருக்கு வண்டியின் முன்னால் பத்தடி தூரம் வெள்ளையாகப் பளிச்சிடும். 'ஆகா, என்ன வெளிச்சம்' என்று தோன்றும். அந்தப் பளிச்சில் கண் பழகிப்போவதால், தொலைவில் உள்ள பள்ளம் முன்பைவிடக் குறைவாகவே தெரியும். வீணாய்ப் போன ஒளியோ எதிரே வருபவரைத் தேடிப் போகிறது.

எங்கள் குடும்பத்தில் எதிரே வருபவர் என் அப்பா. சிங்கப்பூரில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான ஜொகூர்க்காரர்களைப் போல அவரும் விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர். மாமா தோட்டத்துக்குப் போவதும் அதே நேரம், அதே இருவழிச் சாலை. டிஃபெண்டரின் விளக்கு சாதாரண காரின் விளக்கைவிட உயரத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இருப்பவரின் ஹெல்மெட்டுக்கு நேராக வர அதிகம் சாய வேண்டியதில்லை. கண் கூசிய பிறகு பார்வை தெளிய மூன்று விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் அதற்குள் 50 மீட்டர் கடந்துவிடுவார், பார்க்காமலே. எல்.இ.டி.யின் நீலச் சாயலும் சேர்ந்துகொள்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பூச்சு. அந்த நீலத்தைக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே அளவு ஒளியானாலும் நீலச் சாயல் கூடினால் கூச்சமும் கூடுகிறது.

அப்படியானால் எல்.இ.டி. முன்விளக்கே கூடாதா? கூடும். 2007இல் லெக்சஸ் எல்.எஸ். 600எச் காரில் தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. லோ பீம் வந்துவிட்டது. அங்கே கிண்ணமும் கண்ணாடியும் எல்.இ.டி.க்காகவே வடிவமைக்கப்பட்டவை. 2020இல் ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்.இ.டி. பல்பு ஒன்றுக்குச் சாலை அனுமதி கிடைத்தபோதும், அனுமதிப் பட்டியலில் உள்ள கார்களின் முன்விளக்குகளில் மட்டுமே அதைப் போடலாம் என்றார்கள். பல்பையும் கிண்ணத்தையும் ஜோடியாகச் சோதித்த பிறகே அனுமதி.

டிஃபெண்டர்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. அதன் விளக்கு 7 அங்குல வட்டம். 1940 முதல் அமெரிக்கக் கார்களில் பொதுவாகிப்போன அதே அளவு. ஆகவே அதே வட்டத்தில் உட்காரும் முழு எல்.இ.டி. விளக்குகள் சந்தையில் கிடைக்கின்றன. வாங்கும்போது கண்ணாடியில் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு அம்புக்குறியைத் தேடுங்கள். விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலப்பக்கம் காட்டினால் அது இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு உரியது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தது. நம் சாலையில் அது எதிரே வருபவர் பக்கம்தான் உயரும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் இந்த ரகம் நிறைய.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது: அனுமதி வேண்டாதவை, வேண்டியவை, செய்யவே கூடாதவை. ஹாலோஜன் விளக்கில் வெளியே வாங்கிய எச்.ஐ.டி. பல்பைச் செருகுவது மூன்றாவது வகை. எந்த விளக்கானாலும் பணம் கொடுக்குமுன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது மேல். மலேசியாவில் பதிந்த வண்டியென்றால் ஜே.பி.ஜே. என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து இலாகாவைக் கேட்க வேண்டும்.

மாமாவுக்கு நான் வாங்கிப் போனது எல்.இ.டி. அன்று. இரண்டு சாதாரண எச்-ஃபோர் பல்புகளும் ஒரு ரிலே கம்பிக் கட்டும். பழைய டிஃபெண்டரில் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே ஓடுகிறது. ஒரு லோ பீம் பல்புக்கு நாலரை ஆம்பியருக்கு மேல். வயதான சுவிட்சும் மெல்லிய கம்பியும் வழியிலேயே மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். ஹாலோஜனில் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது. ரிலே போட்டால் மின்கலத்திலிருந்து தடித்த கம்பியில் நேராக வரும். சுவிட்சுக்கு ரிலேயை இயக்கும் வேலை மட்டுமே. மாமாவுக்கு முதலில் ஏமாற்றம். "இதுக்கா பாலம் தாண்டி வந்தே?" என்றார். பொருத்தி முடித்துக் கண்ணாடியில் படிந்திருந்த சேற்றையும் துடைத்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாகச் சாய்வு. சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே டேப் ஒட்டினோம். ஒளிக்கோடு அந்த டேப்பில் உட்கார வேண்டும். வெறும் வண்டியில் சரியாக உட்கார்ந்தது. பின்னால் உர மூட்டைகளை ஏற்றியதும் மூக்கு தூக்கிக்கொண்டது. கோடு டேப்பைத் தாண்டி மேலே போய்விட்டது. மூட்டை இறக்காமலே திருகைத் திருப்பிக் கோட்டைத் தாழ்த்தினோம், ஏனென்றால் மாமா விடியுமுன் அந்தச் சாலையில் போவதெல்லாம் மூட்டையோடுதான்.