பழைய இராணுவ ரைபிள்கள்: முதன்முதலில் வாங்கும் சேகரிப்பாளர் அறிய வேண்டியவை

படைகள் பயன்படுத்தி, பின்னர் தேவையில்லை என ஒதுக்கிய ரைபிள்களை வாங்கிச் சேகரிப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பலருக்கும் உள்ள பொழுதுபோக்கு ஆகும். அஞ்சல்தலை, நாணயம் சேகரிப்பதைப் போன்றதே இதுவும். ஆனால் நாணயத்தில் ஏமாந்தால் பணம் மட்டுமே போகும். ரைபிளில் ஏமாந்தால் கண்ணோ கையோ போகக்கூடும். எனவே முதல் ரைபிளை வாங்குபவர் விலையை விசாரிப்பதற்கு முன் சில அடிப்படைச் செய்திகளைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சேகரிக்கப்படும் வகைகள்

அமெரிக்காவின் எம்1 காரண்ட், எம்1903 ஸ்பிரிங்ஃபீல்ட், பிரித்தானியாவின் லீ-என்ஃபீல்ட், ஜெர்மனியின் மவுசர் 98கே, ரஷ்யாவின் மோசின்-நாகண்ட், ஜப்பானின் அரிசாகா ஆகியவை சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுபவை. இவற்றுள் லீ-என்ஃபீல்ட் இந்தியருக்கும் பழக்கமானது. இந்தியக் காவலர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த ‘திரீ நாட் திரீ’ அதுவே.

சட்டம்

அமெரிக்காவில் 50 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, பழைய அமைப்பு மாறாமல் இருக்கும் துப்பாக்கிகள் அரும்பொருள் வகையில் அடங்கும். இவற்றை வாங்குவதற்கென்றே சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு. அதைப் பெற்றவர் தாம் வாங்குவதையும் விற்பதையும் பதிவேட்டில் எழுதிவர வேண்டும். உரிமம் இல்லாதவர் வேறு மாநிலத்தாரிடம் வாங்கினால், உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே பெற முடியும். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் கட்டுப்பாடுகளும் உள்ளன.

இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. .303 அல்லது 7.62 மி.மீ. இராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்கள் இங்கே தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. ஆகவே அமெரிக்காவுக்குச் சொல்லப்படும் வாங்கும் வழிகள் இந்தியாவுக்குப் பொருந்தா.

உண்மைத்தன்மையை அறிதல்

‘இது போர்முனையிலிருந்து ஒரு வீரர் கொண்டுவந்தது’ என்று விற்பவர் கூறுவது வழக்கம். அந்தக் கூற்றுக்கு விலை கொடுக்கக்கூடாது. ரைபிளில் கண்ணால் காணக்கூடியவற்றுக்கே விலை கொடுக்க வேண்டும். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தின்படி, இறக்குமதி செய்யப்படும் துப்பாக்கியில் இறக்குமதியாளரின் முத்திரை இருக்க வேண்டும். அத்தகைய முத்திரை உள்ள ரைபிளை 1945இல் ஒரு வீரர் தம் பையில் கொண்டுவந்தார் என்றால் நம்புவதற்கில்லை.

எது ‘அசல்’ என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். மவுசர் 98கே ரைபிளின் பல உறுப்புகளில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லா எண்களும் ஒன்றாக இருந்தால் மதிப்பு உயரும். சோவியத் படையிடம் பிடிபட்ட மவுசர்கள் பிரித்துப் பழுதுபார்க்கப்பட்டு, உறுப்புகள் கலந்து பூட்டப்பட்டன. அவற்றில் சில உறுப்புகளின் எண்கள் பிற்பாடு எழுதப்பட்டவை. எம்1 காரண்டிலோ உறுப்புகளில் இருப்பது வரைபட எண். ரைபிளின் வரிசை எண் அன்று. எனவே ‘எண்கள் பொருந்திய காரண்ட்’ என்று விற்பவர் சொன்னால் அவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது வாங்குபவருக்குத் தெரியாது என அவர் எண்ணுகிறார் என்றே பொருள்.

அரிசாகாவில் ஜப்பானிய அரச சின்னமான சாமந்திப்பூ பொறிக்கப்பட்டிருந்தது. சரணடைந்தபோது பலவற்றில் அது தேய்த்து அழிக்கப்பட்டது. பூ முழுமையாக உள்ள ரைபிளுக்கு விலை அதிகம்.

சுடுவதற்கு முன்

சுவரில் மாட்டிவைக்க ஏற்ற ரைபிள் எல்லாம் சுடுவதற்கு ஏற்றது அன்று. எம்1903 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தொடக்க காலத்தில் அதன் எஃகைப் பதப்படுத்திய தொழிலாளர்கள், சூட்டின் அளவை உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே கணித்தனர். வெயில் மிகுந்த நாளில் அந்த நிறம் கண்ணை ஏமாற்றியது. அளவுக்கு மீறிச் சூடேறிய எஃகு எளிதில் உடையும் தன்மை பெற்றது. சில ரைபிள்கள் சுடும்போதே வெடித்தன. 1918இல் பதப்படுத்தும் முறை மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 800,000க்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 285,507க்கும் குறைந்த எண் கொண்டவற்றைச் சுட வேண்டாம் என்பது இன்றைய பொது அறிவுரை. ஜப்பானில் மாணவர் பயிற்சிக்காகச் செய்யப்பட்ட ரைபிள்களும் பார்வைக்கு அரிசாகா போலவே இருக்கும். அவை வெற்றுத்தோட்டாவுக்கு மட்டும் உரியவை. உண்மைத் தோட்டாவைத் தாங்கா.

அடுத்தது ‘ஹெட்ஸ்பேஸ்’. குழலுக்குள் தோட்டா மேலும் முன்னே செல்லாமல் தடுத்து நிறுத்தும் பகுதிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறிக்கும் அளவு இது. தேய்மானத்தாலோ போல்ட் மாறியதாலோ இது கூடிவிட்டால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கிப் பாயலாம். இதைக் கண்ணால் அறிய முடியாது. துப்பாக்கி பழுதுபார்ப்பதில் தேர்ந்தவர் அதற்குரிய அளவுக்கட்டைகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவை ரைபிள் விலையின் ஒரு பகுதியாகவே கருதலாம்.

தோட்டா

‘7.62’ என்ற எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டா வாங்குவது தவறு. மோசின்-நாகண்டின் தோட்டா உறை 54 மி.மீ. நீளம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் 1960களில் உருவான 2ஏ ரைபிளுக்கு 51 மி.மீ., சோவியத் எஸ்கேஎஸ் ரைபிளுக்கு 39 மி.மீ. ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு ஆகாது. எம்1 காரண்டில் அளவு சரியாக இருந்தாலும், வேட்டைக்கென விற்கப்படும் வீரியமிக்க .30-06 தோட்டாக்கள் அதன் இயக்கத் தண்டை வளைத்துவிடக்கூடும்.

பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றவைக்கும் கலவை, சுட்டபின் குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியச் செய்யும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. ஆகவே முதலில் நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இட வேண்டும்.

பராமரிப்பு

கிடங்கில் பூசப்பட்ட காஸ்மோலின் என்னும் தடித்த மசகை நீக்குவது சரியே. மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், புது வார்னிஷ் அடிப்பதும், உலோகத்துக்குப் புதிதாக நிறம் ஏற்றுவதும் கூடாது. கட்டையில் உள்ள ஆய்வாளர் முத்திரைகளும் கீறல்களுமே அந்த ரைபிளின் வரலாற்றுப் பதிவு. அரைமணி நேரத் தேய்ப்பில் அவை அழிந்தால் மீண்டும் கிடைக்கா. ரைபிளின் மதிப்பும் அவற்றோடு போய்விடும்.

வாங்கும் வரிசை

முதலில் சட்டத்தை அறிதல், அடுத்து அந்த ஒரு வகையைப் பற்றி மட்டும் நன்கு படித்தல், பிறகு குழலின் உட்புறத்தையும் எண்களையும் முத்திரைகளையும் பார்த்தல், கடைசியாக விலை பேசுதல் என்பது நல்ல முறை. வாங்கியபின் தேர்ந்தவர் சோதித்துச் சொல்லும்வரை ஒரு தோட்டாவையும் உள்ளே இடாமல் இருப்பதே புதிய சேகரிப்பாளருக்குப் பாதுகாப்பு.